குந்திரிக்க எண்ணெயில் பாஸ்வெல்லிக் அமிலம் இருக்குமா? (மணப்பிசின்கள்: மருந்தும் வாசனையும்)

#1 ஈரக்காற்று

அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். குந்திரிக்கம் நல்லது என்று கேள்விப்பட்டு ஒரு குப்பி எண்ணெய் வாங்கினேன். "நீராவியில் வடித்த தூய எண்ணெய், பாஸ்வெல்லிக் அமிலம் நிறைந்தது, மூட்டு வீக்கத்தைக் குறைக்கும்" என்று லேபிளில் போட்டிருக்கிறது. முகர்ந்தால் எலுமிச்சையும் பைன் மரமும் கலந்த வாசனை. சிலர் தடவினால் போதும் என்கிறார்கள், சிலர் நாக்கடியில் இரண்டு சொட்டு விடச் சொல்கிறார்கள். எது சரி?

இன்னொன்று. கட்டியாகக் குந்திரிக்கம், வெள்ளைப்போளம், சாம்பிராணி மூன்றும் கையில் இருக்கின்றன. இவற்றை வைத்து வீட்டிலேயே வாசனைத் திரவியம் மாதிரி ஏதாவது செய்ய முடியுமா? இரண்டு கேள்வியையும் ஒரே இழையில் போட்டதற்கு மட்டுறுத்துநர் கோபிக்க வேண்டாம்.

#2 மரக்கறை

முதலில் அந்த லேபிள். "நீராவியில் வடித்தது", "பாஸ்வெல்லிக் அமிலம் நிறைந்தது" இந்த இரண்டும் ஒரே குப்பியில் இருக்க வழியில்லை.

குந்திரிக்கம் என்பது ஒற்றைப் பொருள் இல்லை. அதில் மூன்று பங்காளிகள். ஒன்று கோந்து: சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது, தண்ணீரில் கரையும், சாராயத்தில் (எத்தனாலில்) கரையாது. இரண்டாவது பிசின்: தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும், சாராயத்தில் கரையும். எடையில் பாதிக்கு மேல் இதுதான். மூன்றாவது ஆவியாகும் எண்ணெய், நூற்றுக்குச் சில பங்குதான். மூக்குக்கு எட்டுவதில் பெரும்பகுதி இந்த மூன்றாவது ஆள்.

பாஸ்வெல்லிக் அமிலங்கள் இருப்பது பிசின் பகுதியில். அவற்றின் மூலக்கூறு எடை சுமார் 456. அசிட்டைல் குழுவும் கீட்டோவும் சேர்ந்த வடிவத்துக்கு 512. (ஆய்வுக்கட்டுரைகளில் சுருக்கமாக ஏ.கே.பி.ஏ. என்பார்கள். ஆய்வாளர்கள் அதிகம் துரத்துவது இதைத்தான்.) எண்ணெயில் இருக்கும் ஆல்ஃபா-பைனீனின் எடை 136. வடிகலத்தில் கொதிநீரின் ஆவி தன்னோடு அழைத்துக்கொண்டு வருவது பைனீன், லிமோனீன் மாதிரி லேசான ஆட்களை. 456 எடையுள்ள அமிலம் கலத்தின் அடியிலேயே உட்கார்ந்துவிடும். வடித்து முடித்ததும் எண்ணெயைக் குப்பியில் அடைக்கிறார்கள். மருந்து என்று பேசப்படும் பொருள் அடியில் கறுப்பாகத் தங்கும் சக்கையில் கிடக்கிறது.

எண்ணெய் தூயதாகவே இருக்கலாம். அதன் மேல் எழுதியிருக்கும் மருந்துதான் உள்ளே இல்லை.

#3 கோடைமழை

அப்போ உலகம் முழுக்கப் பாஸ்வெல்லிக் அமிலம் என்று சொல்லி விற்கிறார்களே, எல்லாமே கதையா?

#4 மரக்கறை

எண்ணெயை அப்படிச் சொல்லி விற்றால் கதை. சாராயத்தில் ஊறவைத்து எடுத்த சாறு, பொடித்த பிசின், தரப்படுத்திய மாத்திரை என்றால் அமிலம் இருக்கும். அதிலும் எந்த மரம் என்று பார்க்க வேண்டும். சோமாலியப் பகுதியில் கிடைக்கும் பாஸ்வெல்லியா ஃப்ரெரியானா பார்ப்பதற்கும் மெல்வதற்கும் அருமையான பிசின். ஆனால் அதில் பாஸ்வெல்லிக் அமிலமே கிடையாது. அதன் இடத்தில் எபி-லூபியோல் வகைகள் இருக்கின்றன. மூட்டு மாத்திரைகளில் பெரும்பாலும் போடுவது இந்தியாவில் வளரும் பாஸ்வெல்லியா செர்ராட்டா.

#5 நறுவிலி

வாசனை செய்கிறவளாகச் சொல்கிறேன். மரக்கறை சாரின் வேதியியலோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த எண்ணெயை ஏதோ சக்கை மாதிரி பேசினால் வருத்தமாக இருக்கிறது. எங்களுக்கு அதுதான் தங்கம்.

ஒரே பேரினத்து மரங்கள் எவ்வளவு வேறுபடுகின்றன பாருங்கள். ஓமானின் தோஃபார், ஏமன், சோமாலியா பக்கம் வரும் பாஸ்வெல்லியா சாக்ரா எண்ணெயில் ஆல்ஃபா-பைனீன் தூக்கலாக இருக்கும். திறந்ததும் குளிர்ந்த, கூர்மையான மணம். எத்தியோப்பியா, எரித்திரியா, சூடான் பக்கத்துப் பாஸ்வெல்லியா பப்பிரிஃபெரா முற்றிலும் வேறு. ஆக்டைல் அசிடேட்தான் அதில் தலைவர், ஆரஞ்சுத் தோலும் மெழுகும் கலந்தாற்போல் இருக்கும். இரண்டையும் "குந்திரிக்க எண்ணெய்" என்றே விற்கிறார்கள். குறிப்பில் ஒன்றை எழுதிவிட்டு இன்னொன்றை ஊற்றினால் கலவை கெட்டுவிடும்.

ஆனால் பழைய தேவாலயத்துக்குள் நுழைந்ததும் அடிக்கிற அந்தக் கனத்த மணம் பைனீனிலும் இல்லை, ஆக்டைல் அசிடேட்டிலும் இல்லை. வெகுகாலம் அது எதனால் என்று தெரியாமலே இருந்தது. 2016-இல் பிரான்சின் நீஸ் நகர ஆய்வாளர்கள் சாக்ரா எண்ணெயிலிருந்து இரண்டு அமிலங்களைப் பிரித்தெடுத்து, அந்த மணத்துக்கு உயிர் இவைதான் என்று காட்டினார்கள். ஒலிபானிக் அமிலங்கள் என்று பெயர். எண்ணெயில் இவை இருப்பது மிகக் கொஞ்சம். மூக்குக்கு அதுவே போதும். நூற்றில் முப்பது பங்கு இருக்கும் பொருளை மூக்கு கண்டுகொள்ளாமல் விடும், ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லாததைப் பிடித்துக்கொள்ளும்.

#6 தூபக்கால்

புகையிலும் மருந்து இருக்கிறது என்று படித்தேன். குந்திரிக்கப் புகை மனக்கலக்கத்தைக் குறைக்கிறது என்று ஆய்வு வந்திருக்கிறதே?

#7 மாத்திரைப்பெட்டி

2008-இல் வந்த ஆய்வு அது. இன்சென்சோல் அசிடேட் என்ற பொருளைப் பிசினிலிருந்து பிரித்து எலிகளுக்கு ஊசி மூலம் கொடுத்தார்கள். எலிகளின் பதற்றமும் சோர்வும் குறைந்தன. டி.ஆர்.பி.வி.3 என்ற ஏற்பி மூளையில் தூண்டப்படுவதுதான் காரணம் என்று காட்டினார்கள். நல்ல ஆய்வு. ஆனால் ஊசியில் போன அளவும் அறையில் புகை போட்டால் மூச்சில் போகும் அளவும் ஒன்றல்ல. மனிதர்களின் பதற்றத்துக்கு இதை மருந்தாகச் சொல்ல அந்த ஆய்வு போதாது.

புகை என்றால் புகைதான். எந்தப் பிசினை எரித்தாலும் நுண்துகள்களும் பல வளைய ஹைட்ரோகார்பன்களும் வரும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர், கைக்குழந்தை இருந்தால் மூடிய அறையில் போடாதீர்கள்.

ஈரக்காற்று, நான் மருந்தாளுநர். அம்மா விஷயத்துக்கு வருகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

பாஸ்வெல்லிக் அமிலங்கள் 5-லைப்பாக்சிஜினேஸ் என்ற நொதியைத் தடுக்கின்றன. லூக்கோட்ரையீன்கள் என்னும் அழற்சிப் பொருள்களை உடல் தயாரிப்பதில் அந்த நொதிக்குப் பெரிய பங்கு. 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் இது வெளிவந்தது. 2020-இல் நொதியோடு ஏ.கே.பி.ஏ. ஒட்டியிருக்கும் படிக அமைப்பையே எடுத்துவிட்டார்கள். அது நொதியின் வேலை நடக்கும் இடத்தில் உட்காரவில்லை. தள்ளி வேறோர் இடத்தில் ஒட்டிக்கொண்டு நொதியின் போக்கை மாற்றுகிறது. ஆக, சோதனைக்குழாயில் கதை உறுதியாக இருக்கிறது.

மனிதரில்? நாக்பூரில் 2003-இல் வெளியான சோதனையில் 30 பேர். எட்டு வாரம் செர்ராட்டா சாறு, எட்டு வாரம் போலி மாத்திரை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். வலியும் வீக்கமும் குறைந்தன, நடக்கும் தூரம் கூடியது. எக்ஸ்ரேயில் மாற்றம் ஏதுமில்லை. இதைக் கவனியுங்கள்: தேய்ந்த குருத்தெலும்பு வளரவில்லை, வலிதான் குறைந்தது. மூட்டுத் தேய்மானத்துக்கான மூலிகைகளைப் பற்றி, பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2014 காக்ரேன் தொகுப்பாய்வும் இதே திசையில்தான் பேசுகிறது. செறிவூட்டிய செர்ராட்டா சாறு எடுத்தவர்களுக்கு, 100 புள்ளி வலி அளவுகோலில் போலி மாத்திரையைவிடச் சுமார் 17 புள்ளி குறைவு. அற்புதம் இல்லை, ஒன்றுமில்லை என்றும் தள்ள முடியாது. ஆனால் சோதனைகள் எல்லாம் சிறியவை.

குடல் நோயில் கதை வேறு. கிரோன் நோய் அடங்கியவர்களுக்கு அது திரும்பாமல் இருக்கக் கொடுத்துப் பார்த்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். போலி மாத்திரையைவிட ஒன்றும் மேலாக இல்லை. அதே 2011-இல் மூளைக் கட்டிக்குக் கதிர்வீச்சு பெற்ற 44 பேருக்கு நாளுக்கு 4,200 மில்லிகிராம் கொடுத்த சோதனையில் மூளை வீக்கம் கணிசமாகக் குறைந்தது. இப்படி இடத்துக்கு இடம் மாறும். "குந்திரிக்கம் எல்லா அழற்சிக்கும் நல்லது" என்று யாராவது ஒரே வரியில் சொன்னால் நம்பாதீர்கள்.

மாத்திரை வாங்குவதானால் மூன்று விஷயம்.

"65% பாஸ்வெல்லிக் அமிலம்" என்று போட்டிருந்தால் எந்த முறையில் அளந்தது என்று பாருங்கள். காரத்தோடு வினைபுரிய விட்டு அளக்கும் டைட்ரேஷன் முறை, உள்ளே இருக்கும் எல்லா அமிலத்தையும் சேர்த்துக் கணக்கில் எடுத்துவிடும். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் அளந்தால் அதே பொடியின் எண் நன்றாக இறங்கும். ஏ.கே.பி.ஏ. எத்தனை விழுக்காடு என்று தனியாகப் போட்டிருப்பது மேல்.

அப்புறம், வெறும் வயிற்றில் போட்டால் பெரும்பகுதி உறிஞ்சப்படாமலே போய்விடும். கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால் இரத்தத்தில் ஏறும் அளவு பல மடங்கு கூடுவதாக அளந்திருக்கிறார்கள்.

கடைசியாக, அம்மா வார்ஃபரின் மாதிரி இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எடுக்கிறார் என்றால் மருத்துவரிடம் சொல்லாமல் தொடாதீர்கள்.

நாக்கடியில் சொட்டு விடுவது வேண்டவே வேண்டாம். அது செறிந்த டர்பீன் எண்ணெய், வாயும் உணவுக்குழாயும் எரியும்.

#8 ஆலமரத்தடி

எல்லாவற்றுக்கும் ஆய்வுச்சீட்டு கேட்கிறீர்கள். எகிப்தியர்கள் மூவாயிரம் ஆண்டுக்கு முன்பே இதையெல்லாம் மருந்தாகப் பயன்படுத்தினார்கள். அவர்களுக்கு எந்தக் காக்ரேன் இருந்தது?

#9 மாத்திரைப்பெட்டி

ஐயா, கோபம் வேண்டாம். பொ.ஆ.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட எகிப்திய மருத்துவச் சுவடியான ஈபர்ஸ் பாப்பிரஸில் குந்திரிக்கமும் வெள்ளைப்போளமும் மருந்தாகவே வருகின்றன. ஹட்ஷெப்சுட் அரசி பூந்து நாட்டுக்குக் கப்பல் அனுப்பி மணப்பிசின் மரங்களை வேரோடு கொண்டுவந்ததைத் தேர் எல்-பஹாரி கோயில் சுவரில் செதுக்கியே வைத்திருக்கிறார்கள். அந்தப் பழமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் பயன்படுத்தியது முழுப் பிசின். அரைத்துப் பூசினார்கள், மதுவிலும் கொழுப்பிலும் கலந்தார்கள். இன்று குப்பியில் வரும் வடித்த எண்ணெய்க்கு அந்த மூவாயிரம் ஆண்டுச் சான்றிதழைத் தூக்கிக் கொடுக்க முடியாது.

பழையது இன்றைக்கும் நிற்கும் இடங்கள் இருக்கின்றன. வெள்ளைப்போளத்தின் சாராயச் சாறு வாய்ப்புண்ணுக்கும் ஈறு வீக்கத்துக்கும் இன்றும் ஐரோப்பிய மருந்து ஏற்பில் இருக்கிறது. ஒரு பங்கு பிசினுக்கு ஐந்து பங்கு 90% சாராயம், அவ்வளவுதான். நீண்டகாலப் பயன்பாட்டை வைத்தே அதற்கு அனுமதி, பெரிய சோதனைகளை வைத்து அல்ல. கர்ப்பிணிகள் மட்டும் வெள்ளைப்போளத்தை உள்ளுக்கு எடுக்கக் கூடாது.

விழுந்த இடங்களும் இருக்கின்றன. கிரேக்கத்தின் கியோஸ் தீவிலிருந்து வரும் மஸ்தகிப் பிசின், வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரியைக் கொல்கிறது என்று 1998-இல் பெரிய பேச்சு. சோதனைத் தட்டில் கொன்றது உண்மை. 2003-இல் நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள், கிருமி அசையவில்லை. செரிமானக் கோளாறுக்கு மஸ்தகி பாரம்பரிய மருந்தாக ஏற்கப்பட்டிருக்கிறது, அது வேறு. குக்குலு என்ற மரப்பிசினும் அப்படித்தான். இந்தியாவில் 1980-களில் கொழுப்புக் குறைக்கும் மருந்தாகவே அனுமதி கிடைத்தது. 2003-இல் அமெரிக்காவில் 103 பேரிடம் எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தால் கெட்ட கொழுப்பு குறையவில்லை, சற்று ஏறியது. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது.

#10 ஆலமரத்தடி

அமெரிக்கர்களின் உடம்பும் சாப்பாடும் வேறு. ஒரு சோதனையை வைத்து மூடிவிட முடியாது.

#11 மாத்திரைப்பெட்டி

மூடவில்லை ஐயா. முந்தைய இந்தியச் சோதனைகளில் பலன் தெரிந்ததும் உண்மைதான். உணவுமுறை ஒரு காரணமாக இருக்கலாம் என்று அந்தக் கட்டுரைக்குப் பிறகு விவாதமும் நடந்தது. ஆனால் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுக்க வேண்டிய ஒருவர் அதை நிறுத்திவிட்டுக் குக்குலுவை நம்பி உட்கார்ந்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

#12 கோடைமழை

வாசனைக் கேள்வியை எல்லாரும் மறந்தே போனோம். நறுவிலி அக்கா?

#13 நறுவிலி

மறக்கவில்லை, உங்கள் சண்டை ஓயட்டும் என்று இருந்தேன்.

ஈரக்காற்று, கையில் இருக்கும் மூன்றில் சாம்பிராணியிலிருந்து தொடங்குங்கள். புதிதாகச் செய்கிறவர்களுக்கு அதுதான் இலகுவானது. அதில் கோந்து கிடையாது, 95% சாராயத்தில் போட்டால் பட்டைத் தூளைத் தவிர ஏறக்குறைய எல்லாம் கரைந்துவிடும். லாவோஸ், வியட்நாம் பக்கத்துச் சியாம் வகை என்றால் கோனிஃபெரைல் பென்சோயேட்டும் வனிலினும் இருக்கும். மணம் இனிப்பாக, பால்கோவா மாதிரி. சுமாத்திரா வகையில் சின்னமிக் அமிலச் சேர்மங்கள் அதிகம், அதனால் சற்றே காரமும் புகைவாடையும். எது உங்களிடம் இருக்கிறதோ அதை வைத்து வேலை செய்யுங்கள், இரண்டுக்கும் இடம் உண்டு.

(ஒரு இடைச்செருகல். சாம்பிராணியிலிருந்து பென்சாயிக் அமிலம் எடுத்தார்கள். அந்த அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துச் சூடாக்கி ஜெர்மானியர் மிட்சர்லிக் 1830-களில் பென்சீன் எடுத்தார். பெட்ரோலிய வேதியியலின் பாதி இன்று நிற்பது அந்த வளையத்தின் மேல். மரக்கறை சார் சிரிப்பார், ஆனால் எனக்கு இந்தக் கதை பிடிக்கும்.)

பிசின்களை நாங்கள் "நிலைநிறுத்தி" என்று சொல்வோம். இதைப் பலர் ஏதோ பசை வேலை என்று நினைக்கிறார்கள். நடப்பது எளிது. எலுமிச்சை வகை எண்ணெய்களின் மூலக்கூறு லேசானது, அரைமணியில் பறந்துவிடும். சாம்பிராணி, வெள்ளைப்போளம், லாப்டனம் இவற்றின் பொருள்கள் கனமானவை, மெதுவாக ஆவியாகும். கலந்து வைத்தால் லேசானவையும் கொஞ்சம் தயங்கிப் புறப்படும். ஆனால் எலுமிச்சையை நாள் முழுக்கக் கட்டிவைக்க எந்தப் பிசினாலும் ஆகாது. கடைசியில் தோலில் மிஞ்சுவது பிசினின் சொந்த மணம்தான். அது முதலில் வந்த மணத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதில்தான் திறமை.

லாப்டனம் மரத்திலிருந்து வருவதில்லை, சிஸ்டஸ் என்ற புதரின் இலையில் சுரக்கும் பிசின். கிரீட் தீவில் அந்தக் காலத்தில் புதருக்குள் மேயும் ஆடுகளின் தாடியில் ஒட்டியதைச் சீவி எடுத்திருக்கிறார்கள், ஹெரோடோட்டஸ் காலத்திலேயே இந்தக் கதை உண்டு. லாப்டனம், சாம்பிராணி, வனிலா மூன்றையும் சேர்த்தால் கடைகளில் "ஆம்பர்" என்று விற்கும் மணத்தின் எலும்புக்கூடு கிடைத்துவிடும். அதில் மரப்பிசின் புதைபடிவமான அம்பரும் இல்லை, திமிங்கிலத்தின் அம்பரும் இல்லை.

குந்திரிக்கமும் வெள்ளைப்போளமும் கொஞ்சம் அடம்பிடிக்கும். பொடிக்கும்போது சூடேறி உரலில் ஒட்டும். உறைகுளிரில் ஒரு மணிநேரம் வைத்துவிட்டு இடியுங்கள். எடையில் ஒரு பங்குக்கு நான்கு பங்கு சாராயம், இறுக மூடி நிழலில் வையுங்கள், அவ்வப்போது குலுக்குங்கள். சில நாளில் மேலே பொன்னிறமாகத் தெளியும், அடியில் வெள்ளையாகப் படியும்.

#14 மரக்கறை

அந்தச் சாராயச் சாற்றில் பாஸ்வெல்லிக் அமிலம் வந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுங்கள் அக்கா. வேடிக்கை என்னவென்றால், மருந்து என்று விற்ற குப்பியில் இல்லாதது வாசனைக்காக ஊறவைத்த ஜாடியில் இருக்கும்.

#15 நறுவிலி

இருக்கும். அதற்காக யாரும் அதைக் குடிக்க வேண்டாம்!

ஒவ்வாமை பற்றியும் சொல்ல வேண்டும், இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். பெரு பால்சம் என்ற பிசின் (மரம் பெருவில் அல்ல, எல் சால்வடாரில்) தோல் மருத்துவர்களின் ஒட்டுச் சோதனையில் வாசனை ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கவே பயன்படுகிறது. அவ்வளவு பேருக்கு அரிக்கும். பக்குவப்படுத்தாத பெரு பால்சத்தை வாசனைப் பொருள்களில் சேர்க்கக் கூடாது என்று சர்வதேச வாசனைத் துறை அமைப்பான இஃப்ரா தடை போட்டிருக்கிறது, அதன் சாற்றுக்கும் வடித்த எண்ணெய்க்கும் மட்டும் அளவோடு அனுமதி. சாம்பிராணியும் அதே குடும்பத்துப் பொருள்களைக் கொண்டது. முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு, இரண்டு நாள் பொறுமை.

#16 மாத்திரைப்பெட்டி

வழிமொழிகிறேன். தையலுக்குப் பதில் ஒட்டும் பட்டைகள் நழுவாமலிருக்கத் தோலில் சாம்பிராணிச் சாறு தடவுவது மருத்துவமனைகளில் உண்டு. அதிலேயே சிலருக்குக் கொப்புளம் வந்து பார்த்திருக்கிறேன். ஒட்டும் பிளாஸ்திரிகளில் சேரும் பைன் பிசினும் இதே ரகம்.

#17 ஈரக்காற்று

எல்லாருக்கும் நன்றி. மாத்திரை பற்றி அம்மாவின் மருத்துவரிடம் கேட்கிறேன், எண்ணெய் இனி நறுவிலி அக்காவின் கட்சி. கட்டி தீர்ந்தால் எந்த நாட்டுப் பிசின் வாங்கலாம்? மரத்துக்கு ஆபத்து என்று எங்கோ படித்தேன்.

#18 மரக்கறை

பப்பிரிஃபெராதான் மோசமான நிலையில் இருக்கிறது. 2019-இல் எத்தியோப்பியா, எரித்திரியா, சூடானில் 23 இடங்களில் மரங்களைக் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட இடங்களில் இளமரங்களே இல்லை. பெரிய மரங்கள் நிற்கின்றன, அடுத்த தலைமுறை கிடையாது. இரண்டு பத்தாண்டுகளில் உற்பத்தி பாதியாகலாம் என்பது அவர்கள் கணிப்பு. காரணம் ஒன்றல்ல: கால்நடை மேய்ச்சல், தீ, தண்டைத் துளைக்கும் வண்டு, ஓய்வில்லாமல் பட்டையைக் கீறுவது. கீறிக்கொண்டே இருந்தால் மரம் தன் சேமிப்பைப் பிசினுக்கே செலவழிக்கிறது, விதைக்கு மிச்சமில்லை. கீறாத மரத்தின் விதைகள் எவ்வளவோ நன்றாக முளைக்கின்றன என்று எரித்திரியாவில் பார்த்திருக்கிறார்கள்.

குக்குலு மரம் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யூ.சி.என்.) பட்டியலில் மிக அருகிய நிலையில் இருக்கிறது. அகில் தரும் அக்குவிலாரியா இனங்கள் அனைத்தும் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில், ஏற்றுமதிக்கு அனுமதிச்சீட்டு வேண்டும். எனவே விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த இனம், எந்தப் பகுதி. இனப்பெயர் சொல்லத் தெரியாதவரிடம் நான் வாங்குவதில்லை.

#19 தூபக்கால்

விற்பவர் சொல்வது சரிதானா என்று வீட்டில் பார்க்க வழி உண்டா?

#20 மரக்கறை

இனத்தைக் கண்டுபிடிக்க முடியாது, அதற்குக் கருவி வேண்டும். குந்திரிக்கமா, வேறு ஏதாவது பிசினை நிறம் பார்த்துத் தள்ளிவிட்டார்களா என்று ஓரளவு பார்க்கலாம். ஒரு துண்டைத் தண்ணீரில் தேய்த்தால் சாக்ராவும் வெள்ளைப்போளமும் பால் மாதிரி வெளுக்கும், கோந்தின் வேலை அது. சாம்பிராணியும் பைன் பிசினும் வெளுக்காது. ஃப்ரெரியானாவில் கோந்து மிகக் குறைவு, அதனால் அதை இந்தச் சோதனையில் மாட்டிவிடாதீர்கள்.

#21 கோடைமழை

நறுவிலி அக்கா, நானும் போன மாதம் ஒரு ஜாடி ஊறவைத்தேன். அடியில் அந்த வெள்ளைக் கூழ் நிறைய தங்கியிருக்கிறது. வடிதாளில் ஊற்றினால் அடைத்துக்கொள்கிறது. கலங்கலாகவே பயன்படுத்தலாமா?

#22 நறுவிலி

வேண்டாம், தெளிப்பான் மூக்கு அடைத்துவிடும். ஜாடியை ஓர் இரவு உறைகுளிரில் வைத்தால் மெழுகும் சேர்ந்து இறங்கிவிடும். அசைக்காமல் மேல்தெளிவை மட்டும் வேறு குப்பிக்குச் சரித்து ஊற்றி, அதைக் குளிர் மாறுமுன் வடிதாளில் விடு. கூழைக் கடைசிவரை வடிதாளுக்குக் கொண்டுபோகாதே. அதன் மேல் இன்னும் கொஞ்சம் புதுச் சாராயம் ஊற்றி மறுபடி ஒரு வாரம் வை, இரண்டாம் சாறு வெளிறி இருக்கும், ஆனால் முதல் சாற்றை நீர்க்க அதுவே நல்லது.